பகையைப் புதுப்பித்தவர்கள்: கச்சாமனின் ஐம்பது ஆண்டுகள்

பழைய வெற்றித் தொடர் ஒன்றை எடுத்து, புதிய தலைமுறைக்கு மறுபடியும் வரைந்து தருவது ஜப்பானிய அசைவூட்டத் தொழிலில் நெடுநாளாக வேரூன்றிய வழக்கம். அப்படி வரும் புதிய பதிப்பை மதிப்பிட ரசிகர்களிடம் ஓர் அளவுகோல் எப்போதும் தயாராக இருக்கும்: உடை பழையபடி இருக்கிறதா, பாட்டு இருக்கிறதா, ஐந்து பேரும் அதே ஐந்து பேர்தானா? 1972இல் பிறந்த ‘அறிவியல் நிஞ்ஜா அணி கச்சாமன்’ தொடரின் மறுபிறவிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இந்த அளவுகோல் பயன்படாது என்பது தெரிகிறது. உடையை மட்டும் புதுப்பித்த பதிப்புகள் சீக்கிரம் மறைந்தன. தன் காலத்தின் மக்கள் எதற்கு அஞ்சுகிறார்கள், யார் தங்களைக் காப்பார்கள் என்று நம்புகிறார்கள் என்பதைப் புதிதாகக் கேட்ட பதிப்புகள்தான் நின்றன. சாகச அணிக் கதையில் வழிவழியாகக் கைமாற வேண்டியது வீரனின் தோற்றத்தைவிடப் பகைவனைப் பற்றிய கேள்வியே என்பது இக்கட்டுரையின் வாதம்.

கச்சாமனை உருவாக்கிய தட்சுனோகோ நிறுவனம் 1962இல் தோன்றியது. தட்சுவோ யோஷிடா, அவருடைய தம்பிகள் கென்ஜி, இப்பெய் குரி என்ற புனைபெயரில் வரைந்த தொயொஹாரு ஆகிய மூவரும் தோக்கியோவின் மேற்குப் புறத்தில் உள்ள கொக்குபுஞ்ஜியில் அதைத் தொடங்கினார்கள். யோஷிடா யாரிடமும் முறையாகப் படிக்காமல் தானே வரையக் கற்றவர். அந்நாளைய ஜப்பானியச் சிறுவர் படக்கதைகளில் உருண்டை முகமும் பெரிய கண்களும் கொண்ட பாத்திரங்கள் கோலோச்சியபோது, அமெரிக்கப் படக்கதைகளின் தசைநார் தெரியும் உடல்களில் அவருக்கு ஈடுபாடு. ‘ஸ்பீட் ரேசர்’ என்று உலகம் அறிந்த 1967ஆம் ஆண்டுத் தொடரில் அந்தக் கைவண்ணம் தெரிந்தது. கச்சாமனில் அது உச்சத்தைத் தொட்டது. ஹிசாயுகி தோரியுமி இயக்கினார். பதின்ம வயதிலேயே நிறுவனத்தில் சேர்ந்திருந்த யோஷிடகா அமானோ பாத்திர வடிவமைப்பில் பங்கேற்றார். இயந்திரங்களை வடிவமைத்தவர்களில் ஒருவரான குனியோ ஓகவாரா, 1979இல் ‘கண்டம்’ தொடரின் எந்திர மனிதர்களால் புகழ் பெறப்போகிறவர். அக்டோபர் 1, 1972 ஞாயிறு அன்று ஃபுஜி தொலைக்காட்சியில் தொடங்கி, 1974 செப்டம்பர் இறுதி வரை 105 பகுதிகள் ஒளிபரப்பாயின.

தொடங்கிய நாளைக் கவனிக்க வேண்டும். ஜப்பானின் பொருளாதார எழுச்சி தன் கழிவைத் தன் மக்கள் மேலேயே கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. மினமாதாவில் பாதரசம் கலந்த மீனைத் தின்றவர்களுக்கு நேர்ந்த கதி நாடறிந்தது. 1970இன் இறுதியில் கூடிய நாடாளுமன்றம் ஒரே கூட்டத்தொடரில் மாசுக் கட்டுப்பாடு தொடர்பான 14 சட்டங்களை நிறைவேற்றியது. மறு ஆண்டு சுற்றுச்சூழலுக்கென்று தனி முகமை அமைந்தது. யொக்கைச்சி நகரில் பெட்ரோலிய ஆலைகளின் புகையால் மூச்சிரைப்பு நோய்க்கு ஆளானவர்கள் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது 1972 ஜூலையில். கச்சாமன் வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. கதையின் நல்லவர் பக்கத்தில் இருப்பது சர்வதேச அறிவியல் அமைப்பு. பூமியின் அடியாழத்து வெப்பத்திலிருந்து மாசற்ற ஆற்றலை எடுக்கும் திட்டத்தை அது நடத்துகிறது. எதிர்ப் பக்கத்தில் கேலக்டர் என்ற இயக்கம். அது முதல் பகுதியிலேயே ஆமை வடிவப் பேரியந்திரத்தை அனுப்பி யுரேனியத்தைக் கொள்ளையடிக்கிறது. நிலத்தடியில் இருப்பதை யார் எடுப்பது, எதற்கு எடுப்பது என்பதே போர். ஒளிபரப்பின் இடையில், 1973 அக்டோபரில், எண்ணெய் நெருக்கடி வந்தபோது இந்தக் கற்பனை நாளிதழ்ச் செய்தியாகவே மாறிவிட்டது.

பகைவனின் அமைப்பும் இதற்கேற்ப நுட்பமானது. கேலக்டரை ஆட்டிவைக்கும் தலைவன் எக்ஸ் வேற்றுலகத்தவன். ஆனால் அவன் ஏவலைச் செய்யும் படை முழுவதும் பூமியின் மனிதர்கள். படைத்தலைவன் பெர்க் காட்சே, ஆணும் பெண்ணுமாகப் பிறந்திருக்க வேண்டிய இரட்டையரைத் தலைவன் எக்ஸ் ஒரே உடலாக்கியதால் உருவானவன். ஆண்டுக்கொரு முறை பாலினம் மாறுகிறவன். அவனும் ஒருவகையில் பாதிக்கப்பட்டவன்தான். பறவை உடை அணிந்த ஐந்து வீரர்களின் பக்கமும் அப்படித் தூய்மையானதல்ல. அணித்தலைவன் கென், ரெட் இம்பல்ஸ் என்ற விமானப்படையின் தலைவர் தன் தந்தைதான் என்று அறிந்துகொண்ட சிறிது நேரத்திலேயே அவரை இழக்கிறான். அவனுக்கு அடுத்தவன் ஜோ. இவனுடைய பெற்றோர் கேலக்டரின் ஆட்கள். அந்த இயக்கத்திலிருந்து விலக முயன்றதற்காக மகனின் கண்ணெதிரே கொல்லப்பட்டவர்கள். தான் வெறுக்கும் பகையின் குருதியே தன் உடலிலும் ஓடுகிறது என்பதை ஜோ கதையின் போக்கில் கண்டுபிடிக்கிறான். அணியின் விமானத்தில் ஏவுகணைப் பொத்தானை அழுத்தத் துடிக்கும் ஜோவும் அவன் கையைத் தடுக்கும் கென்னும் பகுதிக்குப் பகுதி மோதிக்கொள்வதன் பொருள் அப்போதுதான் முழுமையாகப் புரிகிறது.

இறுதிப் பகுதியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். காரகோரம் மலையில் உள்ள கேலக்டர் தலைமையகத்துக்கு, உயிர் ஊசலாடும் நிலையில் ஜோ தனியாகப் போகிறான். பூமியை உள்ளிருந்து தகர்க்கும் இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. கையில் எஞ்சிய இறகு வடிவ வீச்சுக்கத்தியை காட்சேயின் மேல் எறிகிறான். குறி தவறுகிறது. கத்தி இயந்திரத்துக்குள் விழுந்து பற்சக்கரங்களுக்கிடையே சிக்குகிறது. தன் பணி முடிந்ததும் தலைவன் எக்ஸ் பூமியை விட்டுப் போகிறான். கைவிடப்பட்ட காட்சே தீக்குழம்பில் குதித்துச் சாகிறான். கச்சாமன் அணியால் அந்த இயந்திரத்தை நிறுத்த முடியவில்லை. அதன் இறங்குமுக எண்ணிக்கை 0002இல் நின்றதற்குக் காரணம் அந்தத் தவறிய கத்திதான். சிறுவர் தொடர் ஒன்று தன் வீரர்களின் வெற்றியை இப்படி எழுதியது வியப்புக்குரியது. அறிவியலும் அமைப்பும் வீரமும் ஒன்றுகூடியும் உலகம் தப்பியது மயிரிழையில்தான் என்று அந்த முடிவு சொல்கிறது. யொக்கைச்சியின் புகையைச் சுவாசித்த சமூகத்துக்கு அது பொய்யான ஆறுதல் எதையும் தரவில்லை.

இதன் முதல் மறுவடிவம் ஜப்பானில் உருவாகவில்லை. அமெரிக்கத் தயாரிப்பாளர் சாண்டி ஃபிராங்க் 1977இல் கான் நகரின் தொலைக்காட்சிச் சந்தையில் இதைக் கண்டு உரிமை வாங்கினார். 1978இல் ‘பேட்டில் ஆஃப் தி பிளானட்ஸ்’ என்ற பெயரில் 85 பகுதிகள் வெளிவந்தன. ‘ஸ்டார் வார்ஸ்’ அலை வீசிய நேரம் என்பதால் போர்க்களம் வேற்றுக் கிரகங்களுக்கு மாற்றப்பட்டது. கடலடி நிலையம் ஒன்றில் உட்கார்ந்து நிகழ்வுகளை விளக்கும் 7-சார்க்-7 என்ற சிறு எந்திரம் புதிதாக வரைந்து சேர்க்கப்பட்டது. வன்முறைக் காட்சிகள் வெட்டப்பட்டன. நகரம் இடியும்போது மக்கள் முன்பே வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்று உரையாடல் சமாதானம் சொன்னது. காட்சேயின் பெண்ணுருவம் தெரியும் இடத்தில் அது அவனுடைய தங்கை என்றாக்கப்பட்டது. இதைச் சிதைவு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் இந்தச் சிதைவுக்குள்ளும் ஓர் அச்சம் வேலை செய்தது. எழுபதுகளின் அமெரிக்கப் பெற்றோர் அஞ்சியது தொலைக்காட்சிப் பெட்டியையே. அது குழந்தைகளின் மனத்தில் வன்முறையை விதைக்கிறது என்ற குரல் வலுத்திருந்தது. 7-சார்க்-7 அந்தப் பெற்றோருக்காகவே பேசியது. ஒரு தலைமுறைக் குழந்தைகள் அதை நேசித்து வளர்ந்தார்கள் என்பதும் உண்மை. எனினும் பகை வேறு கிரகத்துக்குப் போனதும், ஜோவின் துயரத்துக்குக் கதையில் வேரில்லாமல் போனது. 2005 முதல் முழு மூலமும் வெட்டின்றி ஆங்கிலத்தில் கிடைக்கத் தொடங்கியபோது பலர் அதை வேறொரு தொடரைப் போலப் பார்த்ததற்குக் காரணம் இதுதான்.

ஜப்பானில் தட்சுவோ யோஷிடா 1977இல் 45 வயதில் காலமானார். மறு ஆண்டு இரண்டாம் தொடரும், அதன்பின் மூன்றாவதாக ‘கச்சாமன் ஃபைட்டர்’ தொடரும் வந்தன. இறந்த ஜோ உடலில் இயந்திரம் பொருத்தப்பட்டு மீண்டான். தலைவன் எக்ஸும் திரும்பினான். காட்சேயின் இடத்துக்குக் கெல்சாட்ரா வந்தாள். விற்கிற பெயரை நீட்டித்த இந்தத் தொடர்ச்சிகளில், முதல் தொடர் எவ்வளவோ விலை கொடுத்து எட்டிய முடிவு ரத்தானது. அடுத்த பெரிய முயற்சி 1994இல், வீடியோ நாடாக்களுக்காக எடுக்கப்பட்ட மூன்று பகுதிகளாக வந்தது. அந்தக் காலத்தில் தட்சுனோகோ தன் பழைய வீரர்களை வரிசையாகத் தூசு தட்டியது: 1993இல் கேஷான், 1996இல் போலிமார். கச்சாமனுக்கு யசுவோமி உமெட்சு பாத்திரங்களைப் புதிதாக வரைந்தார். ‘எர்த், விண்ட் அண்ட் ஃபயர்’ குழுவின் மாரிஸ் வொயிட் இசையில் பங்கேற்றார். பறவை அலகு போன்ற முகமறைப்பும் சிறகு போன்ற மேலங்கியும் இவ்வளவு அழகாக அதற்கு முன் வரையப்பட்டதில்லை.

இந்த 1994 பதிப்பைத்தான் பல ரசிகர்கள் உண்மையான புதுப்பித்தல் என்பார்கள். அதன் கைத்திறனை மறுக்க முடியாது; ஒவ்வொரு படச்சட்டகத்திலும் உழைப்பு தெரிகிறது. ஆனால் அது பகைவனைத் தொடவில்லை. கேலக்டர், காட்சே, தலைவன் எக்ஸ், ஜோவின் பின்கதை யாவும் மூலத்திலிருந்தபடியே, 105 பகுதிகளின் பரப்பிலிருந்து மூன்று பகுதிகளுக்குள் சுருக்கி வைக்கப்பட்டன. ஜப்பானின் நிலைமையோ அப்போது வேறாகியிருந்தது. பொருளாதாரக் குமிழி உடைந்து வேலையும் சேமிப்பும் கரைந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. மறு ஆண்டே கோபே நிலநடுக்கமும் தோக்கியோ சுரங்க ரயிலில் நச்சு வாயுத் தாக்குதலும் நிகழ்ந்தன. உள்ளிருந்தே எழும் பகை என்ற மூலத்தின் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான காலம் வாய்த்திருக்காது. புதிய பதிப்பு அந்தக் கேள்வியின் பக்கம் திரும்பவே இல்லை. சிறுவயதில் பார்த்தவர்களுக்கு அது அழகிய நினைவுப் பொருளாக அமைந்தது. அதைப் பார்த்து முதன்முறையாகக் கச்சாமனிடம் வந்து சேர்ந்த புதுத் தலைமுறை என்று ஒன்று உருவாகவில்லை.

2013இல் வரலாறு நமக்கு ஓர் ஒப்பீட்டை வைத்தது. ஆகஸ்டில் தோயா சாத்தோ இயக்கத்தில் நடிகர்கள் நடித்த கச்சாமன் திரைப்படம் வெளிவந்தது. கென், ஜோ, ஜுன், ஜின்பெய், ரியூ ஐவரும் அதில் இருந்தார்கள். தோரி மட்சுசாக்கா போன்ற பெயர்பெற்ற நடிகர்களும் இருந்தார்கள். படம் வரவேற்பைப் பெறவில்லை, தொடர்ச்சியும் வரவில்லை. அந்தப் படம் திரையரங்குக்கு வந்த வேளையில் தொலைக்காட்சியில் கென்ஜி நகமுரா இயக்கிய ‘கச்சாமன் கிரவுட்ஸ்’ பாதி ஓடியிருந்தது. இதில் ஐவரும் கிடையாது, அவர்களுடைய காட் ஃபீனிக்ஸ் விமானம் கிடையாது, பறவை உடை கிடையாது. தோக்கியோவின் மேற்கில் உள்ள உண்மையான தச்சிகாவா நகரில், எழுதுபொருள் மேல் ஆசைகொண்ட ஹஜிமே என்ற பள்ளி மாணவி கையில் ஒரு குறிப்பேட்டைப் பெற்றுக் கச்சாமனாகிறாள். பகை என்று அணியினர் அதுவரை வெட்டிவந்த வேற்றுயிர்களிடம் அவள் முதலில் செய்வது பேச முயல்வது. அணியின் மற்றவர்கள் திகைத்து நிற்க, சண்டை முடிந்துபோகிறது.

இந்தத் தொடரின் உண்மையான களம் கேலக்ஸ் என்ற கைப்பேசிச் சமூக வலை. அதை உருவாக்கிய ருய் நினோமியாவின் கனவு, வீரர்களே தேவைப்படாத உலகம். விபத்து நடந்தால் அருகிலுள்ள செவிலியருக்கும் வண்டி வைத்திருப்பவருக்கும் வலை அழைப்பு அனுப்பும். சாதாரண மக்கள் ஒருவரையொருவர் காப்பார்கள். 2011இல் கிழக்கு ஜப்பானை நிலநடுக்கமும் கடற்கோளும் அணுவுலை விபத்தும் தாக்கியபோது, அரசின் சொல்லை மக்கள் நம்பத் தயங்கினார்கள். முன்பின் அறியாதவர்கள் வலைவழியே உதவிக்கொண்டார்கள். அதே வலையில் வதந்தியும் பரவியது. அந்த அனுபவத்துக்கு இரண்டே ஆண்டுகளில் எழுதப்பட்ட கதை இது. இங்கே பெர்க் காட்சே படை எதையும் திரட்டுவதில்லை. ஓர் உலகத்தின் மக்களே தங்களை அழித்துக்கொள்ளும்படி அவர்களுடைய குரோதத்தைக் கிளறுவது மட்டுமே அவன் தொழில். ருய் தேர்ந்தெடுத்த நூறு பேருக்குக் கொடுத்த ஆற்றலை அவர்களில் சிலரே நகரத்தைத் தாக்கப் பயன்படுத்துகிறார்கள். முடிவில் ருய் அந்த ஆற்றலைப் பறித்துக்கொள்ளாமல் தச்சிகாவா மக்கள் அனைவருக்கும் திறந்துவிடுகிறான். ஹஜிமே காட்சேயைக் கொல்லாமல் தனக்குள் வாங்கிவைத்துக்கொள்கிறாள்.

இரண்டாம் தொடர் 2015 ஜூலையில் தொடங்கியது. வாக்களிக்கும் வயதை 20இலிருந்து 18ஆகக் குறைக்கும் சட்டம் ஜப்பானில் அதற்கு முந்தைய மாதம்தான் நிறைவேறியிருந்தது. பாதுகாப்புச் சட்டங்களை எதிர்த்து நாடாளுமன்றத்தின் முன் கூட்டம் திரண்டுகொண்டிருந்தது. கதையில், மனிதரின் மனநிலையைப் பார்க்க வல்ல கெல்சாட்ரா என்ற வேற்றுலகத்தவர், எல்லோரும் ஒருமனப்பட்டு அமைதியாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு வந்து, கைப்பேசி வாக்கெடுப்பின் மூலம் பிரதமராகிறார். பிறகு, ஒத்துப்போகாதவர்களை விழுங்கும் இனிமையான உருவங்கள் தெருவில் தோன்றுகின்றன. அவற்றைக் கொடுங்கோலன் எவனும் ஏவவில்லை. காற்று அடிக்கும் திசையில் தலையாட்டிய மக்களின் விருப்பமே அந்த உருவம் எடுத்தது. 1972இல் ஜோவின் குருதியில் இருந்த பகை, 2015இல் வாக்களித்த ஒவ்வொருவரின் விரல் நுனியிலும் இருந்தது.

இதற்கு எதிராக வரும் முதல் வாதம் வலுவானது: கச்சாமன் என்ற பெயரை எடுத்துக்கொண்டு முற்றிலும் வேறொரு கதையைச் சொன்னால் அது எப்படி மறுவடிவமாகும்? பெயரை மாற்றி வெளியிட்டிருக்கலாமே? கூர்ந்து பார்த்தால், மூலத்தின் எலும்புக்கூடு இங்கே இருக்கிறது. ஆணும் பெண்ணுமாகிய காட்சேயின் இருமை, பெண்ணுடையில் தன்னை மறைத்து வாழும் ருய்யிடமும் எதிரொலிக்கிறது. தலைவன் எக்ஸ் இங்கே வலையை நடத்தும் செயற்கை அறிவு. இரண்டாம் பழைய தொடரின் கெல்சாட்ரா பெயரோடு வந்துநிற்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, கென்னும் ஜோவும் ஏவுகணைப் பொத்தானின் மேல் நடத்திய சச்சரவு, ஆற்றலை யார் கையில் கொடுப்பது என்ற ஹஜிமே–ருய் விவாதமாக வளர்ந்திருக்கிறது. 1994 பதிப்பு பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தது என்றால், இது அதே அடித்தளத்தின் மேல் இன்றைய குடும்பத்துக்கு ஏற்றபடி சுவர்களை எழுப்பியது. பெயரை மாற்றியிருந்தால் இந்த உரையாடல் அறுந்திருக்கும். பழைய தொடர் எங்கே நின்றதோ அங்கிருந்து கேள்வி தொடர்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாவது மறுப்பு ரசனையைச் சார்ந்தது. 1972இன் குழந்தைகள் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நினைத்தா பார்த்தார்கள்? விமானம் தீப்பறவையாக மாறிப் பாயும் காட்சிக்காகத்தான் பார்த்தார்கள். அச்சம், பகை என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொல்வது. இதில் பாதி உண்மை உண்டு. தீப்பறவை இல்லாமல் கச்சாமன் வந்திருந்தால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் காட்சியே உள்ளிருப்பவர்களை வதைத்தபடிதான் நிகழ்ந்தது. வெப்பத்தில் ஐவரும் முறுக்கி அலறுவதைத் தொடர் தவறாமல் காட்டியது. காக்கும் ஆற்றல் காப்பவரையும் எரிக்கும் என்று குழந்தைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அது பார்த்தே அறிந்துகொள்கிறது. படைத்தவர்களும் வெறும் களிப்பை மட்டும் நோக்கியிருந்தால், மாசற்ற ஆற்றல் திட்டத்தையும் கேலக்டரின் பிள்ளையான ஜோவையும் கதையின் நடுவில் வைத்திருக்கத் தேவையில்லை. கண்ணைக் கவரும் காட்சியும் காலத்தின் அச்சமும் அங்கே பிரிக்க முடியாதபடி பின்னியிருந்தன. காட்சியை மட்டும் பிரித்தெடுத்த பதிப்புகள் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கும் இதுவே விடை.

மூன்றாவதாக, மூலத்தின் வீரர்களை நேசிப்பவர்களுக்கு நான் சொல்வதில் இடமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2017இல் தட்சுனோகோ தன் 55ஆம் ஆண்டையொட்டி ‘இன்ஃபினி-டி ஃபோர்ஸ்’ தொடரைக் கணினி வரைகலையில் எடுத்தது. கச்சாமனின் கென், டெக்காமன், போலிமார், கேஷான் ஆகிய பழைய வீரர்கள் நால்வரும் தங்கள் அழிந்த உலகங்களிலிருந்து இன்றைய ஜப்பானுக்கு வந்து, வாழ்வதில் பற்றில்லாத எமி என்ற பெண்ணைச் சந்திக்கிறார்கள். கென் அதே கென்தான். ஆனால் அவன் எதிர்கொள்ளும் பிரச்சினை புதியது: எதன் மேலும் நம்பிக்கையற்ற ஒரு பிள்ளையிடம் பழைய உறுதிகளைச் சுமந்த பெரியவர் என்ன சொல்ல முடியும்? வீரன் மாறாமலே பகை மாறலாம் என்பதற்கு இது சான்று. ஆகவே பழைய வடிவத்தைப் பேணுவதில் குற்றமில்லை. அந்த வடிவம் எந்தக் கேள்விக்கு விடையாக எழுந்ததோ அதை மறந்துவிட்டுப் பேணுவதில்தான் குற்றம்.

இந்த வரிசை இன்னும் முடியவில்லை. 2019இல் ரூசோ சகோதரர்கள் ‘பேட்டில் ஆஃப் தி பிளானட்ஸ்’ கதையைத் திரைப்படமாக்கப்போவதாக அறிவித்தார்கள். யார் எடுத்தாலும், எந்த மொழியில் எடுத்தாலும், ஐந்து பறவை உடைகளைத் தைப்பதற்கு இன்று பணமும் கணினியும் போதும். அதற்கு முன்னால் விடை சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இன்று நம்முடைய கேலக்டர் எது, அதற்கு ஆள் சேர்ப்பவர்கள் யார், அதில் நம் பங்கு என்ன? யோஷிடாவும் தோரியுமியும் 1972இல் தங்கள் நாட்டைப் பார்த்து இதைக் கேட்டார்கள். நகமுரா 2013இல் தன் நாட்டைப் பார்த்துக் கேட்டார். இரு தரப்பாருடைய பாத்திரங்களும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை, கேள்வி ஒன்றுதான். அதை நேர்மையாகக் கேட்கிற எந்தப் படைப்பும், உடையில் ஓர் இறகுகூட இல்லாவிட்டாலும், கச்சாமன் என்ற பெயருக்கு உரிமை கொண்டாடலாம்.